விடுமுறைக்கு முந்திய மூன்று வாரங்கள்



போன நவம்பர் கடைசியில், நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இடைவேளை நேரத்தில் ஒரு தங்கச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வவுனியாவிலிருந்து வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மூத்தவன் இரண்டாம் வகுப்பு, சின்னவள் கைக்குழந்தை. "அக்கா, விடுமுறை வருகுதாம், பள்ளிக்கூடத்திலை இப்ப படிப்பு ஒண்டும் இல்லை. கடுதாசி வெட்டுறதும் பாட்டுப் படிக்கிறதும்தான். இந்தப் பனிக்குள்ளை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அவனைக் கூட்டிக்கொண்டு போறதை விட, கொஞ்ச நாளுக்கு வீட்டிலை மறிச்சால் என்ன?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. இரவு பதினொன்றரைக்கு வேலை முடிந்து போய், காலை ஏழு மணிக்கு எழுந்து, குழந்தைக்கு நாலு சுற்றுத் துணி சுற்றி, தள்ளுவண்டியைப் பனியில் தள்ளிக்கொண்டு போவது லேசான காரியம் இல்லை. ஆனால் 2022 டிசம்பரில் நானும் இதே யோசனையைத்தான் செய்தேன். யாரையும் கேட்கக்கூட இல்லை, என் பையனை வீட்டில் நிறுத்திவிட்டேன். அதனால் என்ன ஆயிற்று என்பதைப் பத்து நிமிட இடைவேளையில் அவளிடம் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பசுந்தாங்கில் என் படிப்பு

நான் பிறந்து வளர்ந்தது பர்மாவில், ரங்கூன் நகரின் கிழக்கே ஓடைக்கரையில் இருக்கும் பசுந்தாங். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த ஓடைக்கரையில் வரிசையாக அரிசி ஆலைகள். நெல் மூட்டை சுமக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூட்டத்தில் எங்கள் முன்னோரும் வந்தார்கள். டிசம்பர் என்றாலே எங்கள் ஆயா 1941ஐத்தான் சொல்வார். டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அப்போது ஆயாவுக்கு ஒன்பது வயது. வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றவர்கள் பலர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், காட்டு வழியே நடந்தே போனவர்கள் ஏராளம். 1960களில் அரசாங்கம் கடை கண்ணிகளை எடுத்துக்கொண்டபோது மறுபடியும் லட்சக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். சென்னையில் பர்மா காலனி, பர்மா பஜார் எல்லாம் அப்படி வந்தவைதான். எங்கள் குடும்பம் இரண்டு தடவையும் போகாமல் அங்கேயே நின்றுவிட்டது.

தனியார் பள்ளிகளையும் 1960களின் நடுவில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தமிழ்ப் பள்ளிகளும் அதோடு போயின. ஆகவே நான் படித்தது பர்மிய மொழியில், அரசாங்கப் பள்ளியில். தமிழ் எழுத்து எனக்குக் கோடை விடுமுறையில் கோயில் மண்டபத்தில் தரையில் உட்கார்ந்து வந்தது. இன்று இந்தக் கட்டுரையை எழுதுவது அந்த எழுத்தை வைத்துத்தான்.

எங்கள் வகுப்பில் வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி, கன்னத்தில் தனாக்கா பூசிய ஐம்பது பிள்ளைகள். "கா ஜீ, கா குவே" என்று பர்மிய எழுத்துகளை எல்லோரும் ஒரே குரலில் கத்துவோம். தெருமுனை வரை கேட்கும். சயாமா என்று நாங்கள் கூப்பிடும் ஆசிரியை முன்னால் கைகட்டித்தான் நிற்கவேண்டும். டிசம்பரில் பாடம் உச்சத்தில் இருக்கும், வருடப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருக்கும். விடியற்காலை 18 டிகிரி ஆனாலே ஆயா ஸ்வெட்டர் மாட்டிவிடுவார். கத்தினால் படிப்பு, கத்தாவிட்டால் விளையாட்டு என்பதுதான் எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம். அதுவும் ஏழாம் வகுப்போடு நின்றது. அப்பா படுத்த படுக்கையானார், நான் வேலைக்குப் போனேன்.

2007இல் பிக்குகள் ஊர்வலம் போன சமயத்தில் என் கணவருக்குத் தொல்லை வந்தது. அடுத்த வருடம் நர்கீஸ் புயல். அதற்குப் பின் மலேசியாவுக்குப் போய், அங்கே அகதி அட்டையோடு பல வருடம் இருந்தோம். அங்கே அகதிப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. மாடி அறைகளில் தொண்டர்கள் நடத்தும் வகுப்புகள்தான். 2022 ஆகஸ்டில் ரொறன்ரோ வந்து இறங்கியபோது, என் பையன் உண்மையான பள்ளிக்கூட வாசலை முதல் தடவையாகப் பார்த்தான்.

வெறுமையாக இருந்த பக்கம்

அந்த முதல் டிசம்பரில் அவன் பையில் தினமும் ஏதாவது ஒரு தாள் வரும். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூச்சம். இரண்டாக மடித்து அலமாரிக்கு மேல் வைத்துவிடுவேன். பனிக்காலத்தில் மேலே போடும் தடித்த கால்சட்டை கொடுத்தனுப்பச் சொல்லி ஒரு தாள் வந்திருக்கிறது. நான் சாதாரண கால்சட்டையோடு அனுப்பினேன். மற்றப் பிள்ளைகள் பனியில் உருண்டபோது அவன் சுவரோரம் நின்றிருக்கிறான். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

விடுமுறைக்கு முந்திய வாரம் அவன் காகித நட்சத்திரமும் பசை ஒட்டிய கையுமாக வருவதைப் பார்த்து, "இதற்கா இந்தக் குளிரில் போகவேண்டும்?" என்று நாலு நாள் நிறுத்திக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரியில் அவன் ஒரு புத்தகம் கொண்டுவந்தான். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து செய்தது. எங்கள் வீட்டு வெளிச்சம் என்பது அதன் பொருள். குளிர்காலத்தில் தங்கள் வீட்டில் ஏற்றும் விளக்கைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிப் படம் வரைந்திருந்தார்கள். அதை வரிசைப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இரவு அனுப்புகிறார்கள். என் மடியில் வைத்து அவனே ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினான். ஒரு இடத்தில் மட்டும் இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்துத் திருப்பினான். பிரித்துப் பார்த்தேன். டீச்சரின் கையெழுத்தில் என் பையனின் பெயர். கீழே ஒன்றும் இல்லை.

டீச்சர் என்னைக் குறை சொல்லவில்லை. பையனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிரவு அலமாரிக்கு மேலிருந்த தாள்களை எல்லாம் எடுத்துக் கீழே வைத்தேன். அடுத்த நாள் அவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கு வரும் குடியேற்ற உதவியாளரைப் பார்க்கப் போனேன். புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவ இப்படி ஒருவர் பல பள்ளிகளுக்கு வருகிறார். காசு இல்லை. அலுவலகத்தில் கேட்டால் போதும்.

முதல் வாரம்: இருட்டும் நேரம்

அடுத்த வருடம், 2023 டிசம்பரில், ஒவ்வொரு தாளையும் படித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போதுதான் விளையாட்டு என்று நான் நினைத்ததற்குள் என்ன இருக்கிறது என்று புரிந்தது.

முதல் வாரம் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை, தினமும் சூரியன் மறையும் நேரத்தைக் குறித்துக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பது. வீட்டில் ஒரு பெரியவரையும் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நான் மூன்று மணிக்கு வேலைக்குப் போகிறவள். பையன் வீடு திரும்பும்போது நான் இருக்கமாட்டேன், நான் வரும்போது அவன் தூங்கியிருப்பான். ஆனால் எங்கள் முதல் இடைவேளை நாலரை மணிக்கு. சரக்கு ஏற்றும் பெரிய கதவுப் பக்கம் நின்றால் வெளியே வானம் தெரியும். அங்கே நின்று பார்த்து, அட்டைப்பெட்டித் துண்டில் நேரத்தை எழுதிவந்து, சோற்றுப் பானை பக்கத்தில் வைத்துவிடுவேன். காலையில் அவன் எடுத்துப் போவான்.

ரொறன்ரோவில் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மாலை 4 மணி 40 நிமிடத்துக்கே சூரியன் மறைகிறது. அதற்குப் பிறகு மறையும் நேரம் மெல்லப் பின்னால் போகத் தொடங்குகிறது. ஆனால் உதிக்கும் நேரமும் ஜனவரி தொடக்கம் வரை பின்னால் போய்க்கொண்டே இருப்பதால், மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21ஆம் தேதியை ஒட்டித்தான் வருகிறது. அன்று இங்கே பகல் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ரங்கூனில் ஏறக்குறைய பதினொரு மணி நேரம், யாழ்ப்பாணத்தில் பதினொன்றரை. பூமி சாய்ந்து சுற்றுவதால் வடக்கே போகப் போகக் குளிர்காலப் பகல் சுருங்குகிறது. ரங்கூனில் எத்தனை மணிக்கு இருட்டும் என்று பையன் கேட்டான். ஐந்தரை மணிக்கு விளக்கு வைப்போம் என்றேன். அதையும் தன் தாளில் வேறு நிறத்தில் புள்ளி வைத்தான். கணக்கு, அறிவியல், பூகோளம் மூன்றும் அந்த ஒரு தாளில் இருந்தன.

இரண்டாம் வாரம்: ஆறு முனை

இரண்டாம் வாரம் கத்தரிக்கோல். பனித்துகளுக்குப் பெரும்பாலும் ஆறு முனைகள் வருகின்றன. தண்ணீரின் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகக் கோத்துக்கொள்வதுதான் காரணம். பிள்ளைகள் வட்டமான காகிதத்தை முதலில் பாதியாக, பிறகு அந்தப் பாதியை மூன்றாக மடித்து, ஓரங்களை வெட்டி விரிக்கிறார்கள். ஒரே வெட்டு ஆறு இடத்தில் வருகிறது. சமச்சீர், பின்னம், கோணம் எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன.

அப்போது டீச்சர் அவர்களுக்கு வில்சன் பென்ட்லி என்ற மனிதரின் கதையைச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் வெர்மொண்ட் என்ற குளிர்ப் பிரதேசத்தில் விவசாயி மகன். பெரும்பாலும் வீட்டில் தாயிடமே படித்தவர். பதினைந்து வயதில் தாய் கொடுத்த பழைய நுண்ணோக்கியில் பனித்துகளைப் பார்க்கத் தொடங்கினார். 1885 ஜனவரியில் முதல் தடவையாக ஒரு பனித்துகளைப் படம் பிடித்தார். சாகும் வரை ஐயாயிரத்துக்கும் மேல் பிடித்தார். 1931இல் அவர் படங்கள் ஒரு பெரிய நூலாக வந்தன, அதே டிசம்பரில் அவர் காலமானார். பையன் இந்தக் கதையை எனக்குச் சொன்னபோது, "அவங்க அம்மா வாங்கிக் கொடுத்தாங்கம்மா" என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

அது மார்கழி பிறக்கும் நேரம். பசுந்தாங்கில் எங்கள் மாடி வீட்டுக்கு வாசல் கிடையாது. அம்மா படிக்கட்டுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் கோலம் போடுவார். ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஒரு தாள் விரித்து, ஏழு புள்ளியில் தொடங்கி ஊடுபுள்ளி வைத்து நாலில் முடியும் கோலத்தை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் எண்ணிப் பார்த்து, "இதுவும் ஆறுதான்" என்றான். உண்மைதான், அந்தப் புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுத்தால் அறுகோணம். இத்தனை வருடம் போட்டிருக்கிறேன், எண்ணிப் பார்த்ததில்லை.

மூன்றாம் வாரம்: கையுறை மரமும் பாட்டும்

கடைசி வாரம் வகுப்பில் ஒரு சின்ன மரம் வைத்து, அதில் கையுறையும் தொப்பியும் தொங்கவிடுகிறார்கள். இல்லாதவர்களுக்குக் கொடுக்க. போன வருடம் கையுறை இல்லாமல் நின்ற வீட்டிலிருந்து இந்த வருடம் ஒரு ஜோடி போயிற்று. எத்தனை சேர்ந்தது என்று பிள்ளைகளே தினமும் எண்ணிக் கரும்பலகையில் எழுதுகிறார்கள்.

பாட்டு நிகழ்ச்சியும் அந்த வாரம்தான். யூதர்கள் எட்டு இரவு மெழுகுவர்த்தி ஏற்றும் ஹனுக்கா, கிறிஸ்துமஸ், கறுப்பின மக்கள் டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை கொண்டாடும் குவான்சா என்று எல்லாவற்றையும் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளையை மதம் மாற்றப் பார்க்கிறார்களோ என்று நம்மில் சிலர் பயப்படுகிறோம். பொதுப் பள்ளிகளில் அப்படிச் செய்யக்கூடாது என்று 1990லேயே ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மதங்களைப் பற்றி அறியவைக்கலாம், ஒரு மதத்தைப் புகட்டக்கூடாது. கத்தோலிக்கப் பள்ளிகள் வேறு, அங்கே மதபாடம் உண்டு.

நிகழ்ச்சி மாலையில். என் வேலை நேரம். பிலிப்பைன்ஸ்காரத் தோழி ஒருத்தியோடு நேரம் மாற்றிக்கொண்டு போனேன். பையன் கடைசி வரிசையில் நின்று வாயைத் திறந்தானா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் பாட்டு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் என்ன மொழி?

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். பிள்ளை ஆங்கிலம் சீக்கிரம் பிடிக்கவேண்டும் என்று நான் ஆரம்பத்தில் வீட்டில் எனக்குத் தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தேன். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் கம்மின்ஸ் என்ற பேராசிரியர் பல வருடம் குடியேறிய பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்தவர். விளையாட்டு மைதானத்து ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடம் படிக்க வேண்டிய ஆங்கிலத்துக்கு ஐந்து வருடமாவது, சில சமயம் அதற்கு மேலும் ஆகும் என்று அவர் காட்டியிருக்கிறார். தாய்மொழியில் நன்றாக யோசிக்கப் பழகிய பிள்ளைக்கு அது இரண்டாம் மொழிக்கும் உதவும் என்பதும் அவர் முடிவு. மிசிசாகாவில் தோர்ன்வுட் என்ற தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் பெற்றோரின் உதவியோடு தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் கதைப் புத்தகம் எழுதிய முயற்சியில் அவரும் பங்குகொண்டார்.

ஆகவே பிள்ளை பேச்சில் கெட்டிக்காரனாகிவிட்டான் என்று இரண்டாம் வருடத்திலேயே நாம் கையை விட்டுவிடக்கூடாது. நாம் தமிழில் பேசுவதால் அவன் பின்தங்கிவிடுவான் என்று பயப்படவும் வேண்டாம்.

சில சின்ன யோசனைகள்

பெரிய படிப்புப் படித்தவர்கள் சொல்லும் யோசனை அல்ல இவை. நான் இடறி விழுந்து கற்றவை.

பையில் வரும் தாளை அன்றே எடுங்கள். புரியாவிட்டால் பக்கத்து வீட்டாரையோ பள்ளி அலுவலகத்தையோ கேளுங்கள். பெற்றோர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பனிக் கால்சட்டை, தொப்பி, இரண்டு ஜோடி கையுறை, எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். புதிது வாங்க முடியாதவர்கள் பழைய துணிக் கடையில் பாருங்கள், அல்லது டீச்சரிடம் தனியாகச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

நவம்பரில் வரும் முன்னேற்ற அறிக்கையில் மதிப்பெண் இருக்காது. மிக நன்றாக, நன்றாக, சிரமத்துடன் என்று மூன்று நிலைகள்தான் இருக்கும். முழு அறிக்கை பிப்ரவரியிலும் ஜூனிலும் வரும். டிசம்பரில் செய்யும் வேலைகளும் அந்தப் பிப்ரவரி அறிக்கையில் சேரும்.

ஒன்ராறியோவில் ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை பள்ளிக்குப் போவது சட்டம். பிள்ளைக்கு உண்மையாகவே சுகமில்லை என்றால் காலையிலேயே பள்ளிக்குத் தெரிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை வந்து சேரவில்லையே என்று அவர்கள் தேடுவார்கள்.

இரண்டு வார விடுமுறையில் நூல்நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். ரொறன்ரோ பொது நூல்நிலையத்தில் அட்டை இலவசம், தமிழ்ப் புத்தகமும் இருக்கிறது. பள்ளிச் சபை நடத்தும் தமிழ் வகுப்புகள் எங்கே நடக்கின்றன என்றும் கேட்டுப் பதிந்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் விட, தினமும் பத்து நிமிடம் "இன்றைக்கு என்ன செய்தாய்?" என்று தமிழில் கேளுங்கள். இரவு வேலைக்காரர்கள் என்னைப்போல அட்டைத் துண்டில் எழுதி வையுங்கள்.

இரண்டாம் வருடத்துப் புத்தகமும் ஜனவரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு இரவு வந்தது. பசுந்தாங்கில் தாடிஞ்யூட் பண்டிகைக்குத் தெருவெல்லாம் விளக்கு வைப்பதைப் பற்றி நான் அவனுக்கு நிறையச் சொல்லியிருந்தேன். அதைத்தான் வரைந்திருப்பான் என்று நினைத்தேன். அவன் வரைந்திருந்தது எங்கள் தொழிற்சாலையின் சரக்குக் கதவு. கதவில் ஒரு பெண் நிற்கிறாள், வானம் ஆரஞ்சு நிறம். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி, அதற்கும் கீழே கோணல் மாணலாகத் தமிழில்: அம்மா வெளிச்சம் பார்க்கிறார்.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "உன் பையனும் என் பையனும் ஒரே பள்ளி, நாம் இருப்பதும் ஒரே கட்டடம். காலையில் அவனை நான் கூட்டிப் போகிறேன். நீ குழந்தையோடு தூங்கு. பையிலிருக்கும் தாளை மட்டும் தினமும் எடுத்துப் பார்." விடுமுறை வரை அவன் ஒரு நாளும் தவறாமல் வந்தான். உங்கள் கட்டடத்திலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். கதவைத் தட்டிக் கேளுங்கள்.